ஜாலஹள்ளியின் வால்வுகளும் எழுதப்படாத பராமரிப்பு வரலாறும்

பெங்களூரின் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் மென்பொருளிலிருந்தே தொடங்கி எழுதப்படுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, கண்ணாடிக் குழாய்க்குள் வெற்றிடத்தை அடைத்து எலக்ட்ரான்களை ஓடவிடும் கலையை இந்நகரம் கைக்கொண்டிருந்தது. 1954இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961இல் வானொலிகளுக்கான வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1962இல் ஜெர்மேனியக் குறைகடத்திகளின் உற்பத்தியும் தொடங்கியது. வால்வையும், அதை வழக்கொழிக்கவிருந்த பொருளையும் ஒரே நிறுவனம் ஓராண்டு இடைவெளியில் செய்யத் தலைப்பட்டது என்பது இந்திய மின்னணுவியல் வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

வழக்கொழிந்ததாகக் கருதப்படும் அந்த வால்வு இன்றும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் இடங்களுள் ஒன்று பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர். ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரசிஷன் பேஸ் கிட்டாரையும், 1952இல் அதற்கென்றே பாஸ்மேன் பெருக்கியையும் கொண்டுவந்தது. 1969இல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. 300 வாட் திறனுடன் பெரும் மேடைகளை எட்டியது. இத்தகைய பழைய பெருக்கிகளை இன்றும் இசைக்கலைஞர்கள் தேடி வாங்குகின்றனர். அவற்றின் கனத்தைக் கண்டு நகைப்போர் உண்டு. ஆனால் அந்தக் கனம் இயற்பியலின் கட்டளை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை மிகுந்த திறனுடன் சிதையாமல் கடத்த, வெளியீட்டு மின்மாற்றிக்குப் பெரிய இரும்பு உள்ளகம் தேவைப்படுகிறது.

இப்பழம்பொருள்களை அணுகுவதில் இரண்டு பிழையான மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஒன்று, பழையது என்றாலே குப்பை என்பது. மற்றொன்று, சேகரிப்பாளரின் தூய்மைவாதம்: ஆலையிலிருந்து வந்த எந்த உறுப்பையும் மாற்றலாகாது என்பது. இரண்டும் அக்கருவியின் வடிவமைப்பையே அறியாதவை. வால்வுகள் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டிருப்பது, அவை தேயும், தேய்ந்தால் மாற்றப்பட வேண்டும் என்பதற்காகத்தான். மின்பகு மின்தேக்கிகள் சில பத்தாண்டுகளில் உலர்ந்து கெடும். கெட்டதை விட்டுவைத்தால், ஈடு செய்வதற்கரிய மின்மாற்றியையே அது எரித்துவிடக்கூடும். ஆகவே மாற்றத்தக்கதை மாற்றுவதே மாற்றலாகாததைக் காக்கும் வழி. கண்ணாடிப் பேழைக்குள் ஊமையாக நிற்கும் பெருக்கி, பாதுகாக்கப்பட்ட பெருக்கி ஆகாது.

இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. ஐரோப்பியர் ஈ.சி.சி.83 என்றும் அமெரிக்கர் 12ஏ.எக்ஸ்.7 என்றும் அழைப்பது ஒரே வால்வைத்தான். எனவே பெங்களூரில் உருவான ஈ.சி.சி.83, கலிபோர்னியாவில் உருவான பெருக்கியில் தடையின்றிப் பொருந்தும். கண்டங்களைக் கடந்த இந்தப் பொதுத்தர ஒழுங்குக்கு மாறாக, இன்றைய கருவிகள் பலவற்றில் ஓர் உறுப்பு பழுதானால் முழுப் பலகையையே மாற்ற வேண்டியிருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைக்க வேண்டிய நிலை வந்ததற்கு இந்த மாற்றமே பின்னணி.

பழுதுபார்க்கும் அறிவு யாரிடம் இருக்கிறது என்பதே இதில் தலையாய கேள்வி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மைக் செட் கட்டியவர்கள், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிபாகங்களோடு வாழ்ந்தவர்கள் ஆகியோரின் கைகளிலும் செவிகளிலும் அது தங்கியிருக்கிறது. பெருக்கியில் எழும் முரலொலி 100 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்பதைத் தேர்ந்த செவி பிரித்தறியும். முன்னதெனில் மின்வழங்கியின் மின்தேக்கி ஐயத்துக்குரியது. பின்னதெனில் வால்வின் சூடேற்றி இழையையோ புவியிணைப்பையோ நோக்க வேண்டும். பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் கணகணக்கும் வால்வு, ஓய்வுபெற வேண்டிய வால்வு. ஸ்பீக்கரை இணைக்காமல் பெருக்கியை இயக்கலாகாது. மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் பல நூறு வோல்ட் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். அதைப் பாதுகாப்பாக வடிக்காமல் உள்ளே கை வைப்பது உயிருக்கே ஆபத்து. இந்த எச்சரிக்கைகளைச் சுற்றுப்படம் தானாகச் சொல்லாது. ஒரு கை மறு கைக்குச் சொல்லித்தந்தே இவை நிலைத்துள்ளன.

இது வெறும் கடந்தகால ஏக்கம் என்று மறுப்போர் கூறலாம். வால்வின் ஒலி மேலானதா என்பது சுவை சார்ந்தது, அது தீர்ப்புக்குரியதன்று. வால்வு மின்சாரத்தை மிகுதியாக உண்கிறது என்பதும், பழைய பெருக்கியைப் பேணச் செலவு கூடுதல் என்பதும் உண்மை. இசைக்கருவிக்கான வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை அறிவிப்பு உலகச் சந்தையையே கலக்கியது. ஆனால் இந்த நெருக்கடியே வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஒரு நகரம் தான் செய்யத் தெரிந்திருந்த பொருளைச் செய்யாமல் விடுவது பொருளியல் முடிவு. அதைப் பழுதுபார்க்கும் அறிவையும் பதிவின்றி இழப்பது அறிவுத்துறையின் அலட்சியம்.

தொழில்நுட்ப வரலாறு என்பது கண்டுபிடிப்புகளின் வரலாறு மட்டுமன்று, பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறுமாகும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான நூலில் வாதிட்டார். இந்தியப் பல்கலைக்கழகங்கள் இந்த வாதத்தை மேற்கோள் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. ஆலைகளின் தொடக்க விழாக்கள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பழுதுபார்த்தோரின் குறிப்பேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வால்வு ஆலையில் பணியாற்றியோரின் வாய்மொழி வரலாறு, மைக் செட் தொழிலாளரின் கலைச்சொற்கள், அவர்களின் சோதனை முறைகள் ஆகியவை முனைவர் பட்ட ஆய்வுக்கு முழுத்தகுதி உடையவை. பொறியியல் கல்லூரிகள் ஆண்டுக்கொரு பழைய பெருக்கியைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் மேற்பார்வையில், அவருக்கு உரிய ஊதியம் அளித்து, மாணவர்களைக்கொண்டு உயிர்ப்பிக்கலாம். அதற்குத் தேவைப்படும் நிதி சிறிது. தேவைப்படும் அவசரமோ பெரிது. வால்வை மாற்றிக்கொள்ளலாம். அதை மாற்றத் தெரிந்தவரின் நினைவுக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் இல்லை.