தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கலாகாது

நாய்க்குட்டி வியாபாரம் இந்நாளில் நகரத்துக் கடைவீதியோடு நின்றுவிடவில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டு போன்ற சிற்றூர்களிலும், கைப்பேசியில் ஒரு படத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து, முன்பணத்தையும் அனுப்பிவிட்டு, முகமறியாத ஒருவர் பேருந்தில் ஏற்றிவிடும் அட்டைப்பெட்டிக்காகச் சாலையோரம் காத்து நிற்பது எவருக்கும் அதிசயமாகத் தோன்றாத காலம் இது. பெட்டியைத் திறந்தால் உள்ளே கிடப்பது பால்குடி மறவாத, கண்ணில் பீளை தள்ளிய, வயிறு உப்பிய ஒரு சிறு ஜீவனாகவும், விற்றவரின் தொலைபேசியோ அதற்குள் ஓய்ந்துவிட்டதாகவும் இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் கடமை அரசினுடையது. ஒழுங்கற்ற வியாபாரிக்குப் பணம் கொடாதிருக்கும் கடமை வாங்குகிறவருடையது. இரண்டு கடமைகளுமே இன்று கைவிடப்பட்டிருக்கின்றன என்பது நமது அபிப்பிராயம்.

மண்டகப்பட்டை நாம் குறிப்பிட்டது காரணத்தோடுதான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் சாசனம் பொறித்து வைத்த ஊர் அது. அதே மன்னனுடைய 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த நடுகல்லொன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்தது. மாடு கவர வந்தவர்களோடு பொருது மாண்ட வீரனுக்காக நாட்டிய அக்கல்லில், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் உருவமும் பெயரும் இடம்பெற்றிருக்கின்றன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, அரசர்க்கும் அமாத்தியர்க்கும் உரிய கல்லெழுத்தில் ஒரு நாய்க்கும் இடமளித்த பிரதேசம் இது. (கோவிவனுக்கு வம்சாவளிச் சான்றிதழ் இருந்ததா என்று அன்று ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை!)

சட்டம் இல்லையே என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கத்திற்கும் விற்பனைக்குமென்றே மத்திய அரசு 2017-இல் தனி விதிகளை இயற்றியது. விற்பனைக்காக நாய் வளர்ப்பவர் மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. 18 மாதம் நிறைவுறாத பெட்டை நாயை இணைசேர்க்கலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது என்றெல்லாம் அவ்விதிகள், ஒரு தாயின் தேகம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கருதி நிபந்தனை விதிக்கின்றன. ஆனால் மூலச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பிராணிக்குக் கொடுமை இழைத்தவருக்கு முதல் குற்றத்திற்கு விதிக்கும் அபராதமோ 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் இருக்கிறது. ஒரு குட்டிக்குப் பல்லாயிரம் ரூபாய் விலை சொல்லும் வியாபாரி இத்தண்டனையைக் கண்டு அஞ்சுவான் என்று எதிர்பார்ப்பது விவேகமாகாது. 1960-இல் 50 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு போய்விட்டது, எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகையால், அரசு விழித்தெழும் வரையில் வாங்குகிறவர் தம் கண்ணையே நம்ப வேண்டும். அந்தக் கண் முதலில் தேட வேண்டியது குட்டியை அன்று, தாயை. யோக்கியமான வளர்ப்பாளர் வீட்டுக்கு வரச் சொல்லுவார். தாய்நாய் படுக்கும் இடத்தையும், கூடப் பிறந்த குட்டிகளையும், தடுப்பூசிக் குறிப்பேட்டையும் காட்டுவார். எலும்பு தெரிய இளைத்து, அந்நியரைக் கண்டு மூலையில் ஒடுங்கும் தாயைக் கண்டால், பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நன்று. நல்லவர் தாம் பதில் சொல்வதோடு நில்லாமல் உங்களையும் கேள்வி கேட்பார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யாரிடம் விடுவீர்கள், உங்கள் ஊரில் வைத்தியர் எத்தனை தூரம்? இக்கேள்விகளால் சினங்கொள்பவர் நாய் வளர்க்கும் தகுதியை இன்னும் பெறவில்லை என்றே கொள்ளலாம். கென்னல் கிளப் சான்றிதழ் பரம்பரையைக் கூறுமேயன்றி ஆரோக்கியத்திற்குப் பிணை நிற்காது. 8 வாரம் என்ற வரம்பும் வெறும் சம்பிரதாயமன்று. கூடப் பிறந்தவற்றோடு விளையாடிக் கடிபட்டும் கடித்தும்தான் பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி கற்கிறது. 3-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரையிலான பருவமே அதன் பிற்காலத்துச் சுபாவத்தை உருவாக்குவதில் முக்கியமானதென்பதை அமெரிக்காவின் ஸ்காட், புல்லர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1965-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினர்.

சிறிய நாயென்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பக் இனம். 2003-இல் ஹட்ச் தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னே ஓடிய அந்த நாய் தேசம் முழுவதையும் மயக்கிவிட்டது. வியர்வையால் உடலைக் குளிர்விக்க இயலாத நாய்க்கு மூச்சிரைப்பே வெப்பம் தணிக்கும் வழி; மூக்கு சப்பையாகும்படி தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட பக்கிற்கு அந்த வழியும் குறுகிவிட்டது. பாறை அனலைக் கக்கும் செஞ்சிச் சீமையின் கத்திரி வெயிலில் அது படும் பாட்டைச் சொல்லி முடியாது. தமிழ்நாட்டரசு 2024-இல் வகுத்த நாய் இனப்பெருக்கக் கொள்கையும், நமது சீதோஷ்ணத்திற்கு ஒவ்வாதவற்றுள் பக்கைச் சேர்த்திருந்தது. அக்கொள்கையைப் பற்றி வாதப்பிரதிவாதங்கள் பல எழுந்தன. இந்த ஒன்றில் நாம் அரசின் பக்கமே.

தெருவில் தாயற்ற குட்டிகள் எத்தனையோ திரிய, காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், நாட்டுக்குட்டியை எடுத்து வளர்ப்பவரை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆனால் தனித்திருக்கும் முதியவருக்கு மடியில் அடங்கும் சிறு நாயே துணையாகலாம். அந்த ஆசையைப் பாவமென்று சாடுவதால் வியாபாரம் ஒழியாது, மறைவிடத்திற்குத்தான் போகும். பதிவு விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தினால், திண்ணையில் ஓர் ஈத்துக் குட்டிகளை வளர்த்து விற்கும் எளிய குடும்பங்கள் அலைக்கழிக்கப்படும் என்ற ஆட்சேபத்தை இதனினும் கனமானதாகக் கருதுகிறோம். பிள்ளைகளின் கைபட்டு, வீட்டுச் சந்தடியில் வளரும் குட்டி பல கூண்டுப் பண்ணைக் குட்டிகளைவிட மேலானது. அக்குடும்பங்களைத் தாலுகா கால்நடை மருந்தகத்திலேயே செலவின்றிப் பதிவு செய்யலாம். கெடுபிடியெல்லாம் கூண்டுகளை அடுக்கி வைத்து ஆண்டு முழுவதும் விற்பவரிடம் காட்டினால் போதும்.

குட்டியை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் பொறுப்பு உண்டு. தாய் படுத்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து படுக்கையில் இட்டால், அந்த வாசனையே முதல் இரவுகளில் ஆறுதல். அழுகிறதென்று அடிப்பதும், வாசலில் கட்டிப் போடுவதும் தகாது. படுக்கையறைக்கு அருகில் வைத்துக்கொண்டால் சில நாட்களில் அடங்கிவிடும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வளர்ப்பாளர் கொடுத்த உணவையே சில நாள் தொடர்ந்து, மெல்ல மாற்றுவதே உசிதம். பிள்ளைகள் அன்பினால் ஊட்டும் சாக்லேட்டும் திராட்சையும் அதற்கு விஷம். 1978-இல் உலகுக்குத் தெரியவந்த பார்வோ நோய் குட்டிகளைச் சில தினங்களுக்குள் மாய்த்துவிட வல்லது. அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி எஞ்சியிருக்கும் வரை தடுப்பூசி சரியாகப் பலிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். இதனாலேயே 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கி, 3, 4 வாரத்திற்கொரு முறை, 16-ஆவது வாரம் வரை ஊசி போடச் சொல்லுகிறார்கள். 3-ஆவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இதைத் தவறவிடுவது குட்டிக்கு மட்டுமன்றி, அதைக் கொஞ்சும் குழந்தைக்கும் இழைக்கும் துரோகமாகும். அந்நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது.

அரசிடம் நாம் கேட்பது அதிகமன்று. அபராதத் தொகையை உயர்த்தும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கு உண்டு. அதை நமது உறுப்பினர்கள் வற்புறுத்தட்டும். மாநில அரசோ, பதிவு எண் குறிப்பிடாத விளம்பரத்தின் மூலம் குட்டி விற்பவரை விசாரிக்கும்படி கால்நடைத் துறைக்கு ஆணையிடலாம். வாரியத்தில் பதிவு பெற்ற வளர்ப்பாளர்களின் பெயர்ப் பட்டியலைச் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் மருந்தகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டி வைக்கப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. பிரதி எடுத்து அனுப்பும்படி ஓர் உத்தரவு போதும், அதை இந்த மாதமே பிறப்பிக்கலாம்.