வளர்ச்சிக் கணிப்பு: பிழை யாருடையது, சுமை யாருடையது?

2025 பிப்ரவரி 1 அன்று 2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யப்பட்டது. அதற்கு முன்னதாகவே வளர்ச்சிக் கணிப்புகள் வரிசைகட்டி வந்துவிட்டன. 2025-26 நிதியாண்டில் இந்தியப் பொருளாதாரம் 6.7 சதவீதம் வளரும் என்றது உலக வங்கி. 6.5 சதவீதம் என்றது சர்வதேச நிதியம். நாளேடுகளின் முதல் பக்கங்களும் தொலைக்காட்சி விவாதங்களும் இந்த எண்களைச் சுற்றியே நகர்ந்தன. சித்திரை முதல் நாளில் வாசிக்கப்படும் பஞ்சாங்கம் மழையை மரக்கால் கணக்கில் சொல்லும். இந்த நிறுவனங்கள் வளர்ச்சியைத் தசமப் புள்ளி வரை சொல்கின்றன. அந்தத் தசமப் புள்ளிதான் கணிப்புக்கு அறிவியல் தோற்றத்தை அளிக்கிறது.

அந்தத் தோற்றம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024-25 நிதியாண்டில் 7.2 சதவீத வளர்ச்சி இருக்கும் என்று 2024 அக்டோபர் வரை ரிசர்வ் வங்கி உறுதியாகச் சொல்லிவந்தது. ஜூலை-செப்டம்பர் காலாண்டுக்கு அது கணித்தது 7 சதவீதம். அந்தக் காலாண்டு முடிந்த பிறகு, அக்டோபரில் அது சொன்ன எண் இது. நவம்பர் இறுதியில் வெளியான அதிகாரப்பூர்வ மதிப்பீடோ 5.4 சதவீதம் மட்டுமே. அதன் பின்னர் டிசம்பரில் ஆண்டு வளர்ச்சிக் கணிப்பு 6.6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ஜனவரி முன்மதிப்பீடு அதையும் 6.4 சதவீதமாக்கிவிட்டது. விலைவாசி எதிர்த்திசையில் நகர்ந்தது. சராசரிப் பணவீக்கம் 4.5 சதவீதம் என்ற கணிப்பு 4.8 ஆக உயர்த்தப்பட்டது. அக்டோபரில் உணவுப் பொருட்களின் சில்லறைப் பணவீக்கம் 10.87 சதவீதத்தைத் தொட்டது.

நடந்து முடிந்த மூன்று மாதங்களையே சரியாகக் கணிக்க இயலாத ஏற்பாடு, வரப்போகும் பன்னிரண்டு மாதங்களைத் தசமப் புள்ளியுடன் சொல்கிறது. ஆயினும் எதிர்காலத்தைக் கணிப்பதில் தவறு நேர்வது குற்றமல்ல. எவராலும் அதை முழுமையாக அறிய இயலாது. இடதுசாரிகள் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு. கணிப்பு தவறும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

2019இன் பாடம்

கொரோனாவின் மீது பழி போட இயலாத ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்னர், 2019-20ஆம் ஆண்டில் 7.4 சதவீத வளர்ச்சி இருக்கும் என்று ரிசர்வ் வங்கி கணித்தது. ஏப்ரலில் அது 7.2 ஆனது. ஜூனில் 7, ஆகஸ்டில் 6.9, அக்டோபரில் 6.1, டிசம்பரில் 5 என்று படிப்படியாக இறங்கியது. ஜூலை மாதம் வெளியான பொருளாதார ஆய்வறிக்கையும் 7 சதவீதம் என்றே சொன்னது. பிற்காலத் திருத்தங்களுக்குப் பின்னர் நிலைபெற்ற எண் 3.9 சதவீதம். ஊரடங்கு அறிவிக்கப்பட்டது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான். ஆகவே சரிவு அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

சரிவின் காரணம் தெருவில் தெரிந்தது. பணமதிப்பு நீக்கமும், அவசரகோலத்தில் திணிக்கப்பட்ட ஜிஎஸ்டியும் சிறுதொழில்களின் முதுகெலும்பை முறித்திருந்தன. விவசாயிகளுக்கு விலை கிடைக்கவில்லை, கூலி உயரவில்லை, மக்களிடம் வாங்கும் சக்தி இல்லை. ஆனால் ஒன்றிய அரசு கண்ட மருந்து என்ன? 2019 செப்டம்பர் 20 அன்று கார்ப்பரேட் வரியின் அடிப்படை விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம் என்றது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே கூறியது. முதலாளிகளின் கையில் பணம் சேர்ந்தால் முதலீடு பெருகும் என்பது அடுத்த கணிப்பு. வாங்க ஆளில்லாத சந்தைக்காக எந்த முதலாளியும் புதிய தொழிற்சாலை கட்டுவதில்லை என்ற எளிய உண்மைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

வளர்ச்சி சரிந்து, வரிச் சலுகையும் சேர்ந்ததால் ஒன்றிய அரசின் வரி வருவாய் குறைந்தது. அந்தக் குறைவு மாநிலங்களின் தலையில் விழுந்தது. நிதிநிலை அறிக்கையில் மாநிலங்களின் வரிப் பங்காக 8.09 லட்சம் கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. திருத்திய மதிப்பீட்டில் அது 6.56 லட்சம் கோடியாகச் சுருங்கியது. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பாசனத்தையும் கவனிக்கும் பொறுப்பு பெருமளவு மாநில அரசுகளுடையது. கணித்தவர்கள் எண்ணைத் திருத்திக்கொண்டார்கள். சலுகை பெற்றவர்கள் சலுகையை வைத்துக்கொண்டார்கள். திருத்தத்தின் சுமை மட்டும் கீழே இறங்கியது.

தெரிந்தே தவறும் கணக்கு

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. லேமன் பிரதர்ஸ் வங்கி 2008 செப்டம்பரில் திவாலானது. அதற்குப் பின்னரும், அக்டோபரில், 2009இல் உலகப் பொருளாதாரம் 3 சதவீதம் வளரும் என்று சர்வதேச நிதியம் கணித்தது. ஆறே மாதங்களில், அது 1.3 சதவீதம் சுருங்கும் என்று மாற்றிக்கொண்டது.

கிரீஸ் நாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 2010இல் கடன் கொடுத்த நிதியம், அரசுச் செலவை வெட்டினாலும் பொருளாதாரம் விரைவில் மீண்டுவிடும் என்று கணித்து, அதன் பேரில் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டச் செய்தது. 2009க்கும் 2012க்கும் இடையே உற்பத்தி 5.5 சதவீதம் குறையும் என்பது கணிப்பு. குறைந்ததோ 17 சதவீதம். வேலையின்மை 15 சதவீதமாக இருக்கும் என்றார்கள். 25 சதவீதமாக ஆனது. 2013இல் நிதியமே வெளியிட்ட மறுஆய்வில் உள்ள எண்கள் இவை. தவறின் வேரையும் அதன் பொருளாதார வல்லுநர்கள் 2012 அக்டோபரில் ஒப்புக்கொண்டனர். அரசு 1 யூரோ செலவை வெட்டினால் உற்பத்தி சுமார் அரை யூரோ குறையும் என்று முன்னணிப் பொருளாதாரங்களுக்கான கணிப்புகள் அனுமானித்திருந்தன. உண்மையான பாதிப்பு 0.9 முதல் 1.7 யூரோ வரை இருந்தது. அந்த ஒப்புதல் வந்தபோது கிரேக்கத் தொழிலாளி இழந்த வேலையும் ஓய்வூதியமும் திரும்பி வரவில்லை.

இத்தகைய தவறுகளுக்குக் கணிதத் திறமைக் குறைவு காரணமல்ல. முதலாளித்துவத்தில் எதை, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை லாப எதிர்பார்ப்பு தீர்மானிக்கிறது. ஆயிரக்கணக்கான முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எடுக்கும் முடிவுகளின் கூட்டு விளைவே அதன் ஏற்ற இறக்கம். கணிப்பு மாதிரிகளோ நேற்றைய போக்கை நாளைக்கும் நீட்டிப் பார்க்கின்றன. சாலை நேராகச் செல்லும்வரை அவை சரியாகவே இருக்கும். வளைவில்தான் கவிழும். நெருக்கடி முதலாளித்துவத்துக்கு வெளியிலிருந்து வரும் விபத்து என்று கருதும் பொருளாதாரவியலால் வளைவை முன்கூட்டியே காண இயலாது.

மேல்நோக்கிய பிழையும் உண்டு

கணிப்பை விட வளர்ச்சி கூடுதலாகப் பதிவான ஆண்டுகளும் உண்டே என்று அரசின் ஆதரவாளர்கள் கேட்கலாம். உண்மைதான். 2023-24ஆம் ஆண்டுக்கு ரிசர்வ் வங்கி 6.5 சதவீதம் கணித்தது. 2024 மே மாதம் வெளியான தற்காலிக மதிப்பீடு 8.2 சதவீதம். ஆனால் அதே மதிப்பீட்டில் மக்களின் நுகர்வுச் செலவு 4 சதவீதம் மட்டுமே வளர்ந்தது. விவசாயத் துறையின் வளர்ச்சி 1.4 சதவீதம். எண் உயர்ந்தது, அடுப்பங்கரைக்கு அது வந்து சேரவில்லை.

போன பங்கு எங்கே போனது என்பதை அரசின் சொந்த ஆவணமே காட்டுகிறது. 2020 நிதியாண்டுக்கும் 2023 நிதியாண்டுக்கும் இடையே கார்ப்பரேட் நிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்கானது என்றும், வேலைவாய்ப்பும் ஊதியமும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றும் 2024 ஜூலையில் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை கூறுகிறது. இதே காலத்தில் கிராமம் திரும்பியவர்கள் விவசாயத்தையே மீண்டும் பற்றிக்கொண்டனர். உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி விவசாயத்தைச் சார்ந்தோரின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்தது. 2023-24இல் அது 46.1 சதவீதம். வளரும் நாட்டில் உழைப்பாளர்கள் வயலிலிருந்து ஆலைக்குச் செல்வார்கள். இங்கே ஆலையிலிருந்து வயலுக்குத் திரும்புகிறார்கள்.

கணிப்பு பொய்த்துச் சரிவு வந்தால் வேலையும் நலத்திட்டமும் பறிபோகின்றன. கணிப்பை மிஞ்சி வளர்ச்சி வந்தால் லாபம் மேலே குவிகிறது. பிழை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுமை விழும் பக்கம் மாறுவதில்லை.

எண்ண மறுப்பவர்களின் கணிப்பு

நல்ல கணிப்புக்கு முதல் தேவை நேர்மையான கணக்கெடுப்பு. இந்தியாவுக்கு அதில் பெருமைமிக்க மரபு உண்டு. மஹலனோபிஸின் வழிகாட்டுதலில் 1950இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை உலகமே வியந்து பார்த்தது. அந்த மரபுக்கு இந்த அரசு செய்தது என்ன? 2017-18இல் வேலையின்மை 6.1 சதவீதத்தை எட்டியதாகக் கண்டறிந்த அறிக்கை 2019 தேர்தல் முடியும்வரை வெளியிடப்படவில்லை. அதைக் கண்டித்துத் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகினர். கிராமப்புற நுகர்வு வீழ்ந்ததாக ஊடகங்களில் கசிந்த 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, தரம் சரியில்லை என்று சொல்லிக் கைவிடப்பட்டது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. 

இதன் விளைவு நேராக ரேஷன் கடையில் தெரிகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பயனாளிகளின் உச்சவரம்பு 2011 மக்கள்தொகையைக் கொண்டே இன்னமும் கணக்கிடப்படுகிறது. பெருகிய மக்கள்தொகையைச் சேர்க்காததால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் வெளியே நிற்கிறார்கள் என்று ஜான் திரேஸ் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2020இலேயே சுட்டிக்காட்டினர். இருக்கும் மக்களை எண்ண மறுக்கும் அரசு, வராத வளர்ச்சியை எண்ணிக் காட்டுகிறது.

காலாண்டு மதிப்பீடுகளின் நிலையும் இத்தகையதே. பெரிய நிறுவனங்களின் கணக்கறிக்கைகள் உடனே கிடைக்கின்றன. தள்ளுவண்டிக் கடை, கைத்தறி, வீட்டுவேலை, கட்டடக் கூலி ஆகியவற்றின் கணக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. ஆகவே அமைப்புசாராத் துறையின் பெரும்பகுதி, அமைப்புசார்ந்த துறை நகரும் திசையிலேயே நகர்வதாகக் கொள்ளப்படுகிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கினால் இரண்டும் கொழுத்ததாகப் பதிவாகும்.

கணிப்புக்குப் பொறுப்பு உண்டா?

எல்லாக் கணிப்பையும் ஒதுக்கித்தள்ள வேண்டும் என்பது இதன் பொருளல்ல. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். 2013இல் அதே கடற்கரையைப் பைலின் புயல் தாக்கியபோது வானிலை எச்சரிக்கையை ஏற்று ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. புயல் திசைமாறியிருந்தால் கணிப்பு பொய்த்திருக்கும். அப்போதும் மக்கள் இழப்பது முகாமில் கழித்த ஓரிரு இரவுகள்தான். செலவு அரசுடையது. கணிப்பு தவறக்கூடும் என்று ஏற்று, தவறினாலும் எளியவர்களுக்குத் தீங்கு நேராதவாறு செயல்படுவதே பொறுப்புள்ள நடைமுறை.

பொருளாதாரத்தில் நடப்பது இதற்கு நேரெதிர். 2022-23இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு வேலை கேட்போர் குறைந்துவிடுவார்கள் என்று கொண்டு ஒதுக்கப்பட்டது 60,000 கோடி. கிராமங்களில் வேலை கேட்போர் குறையவில்லை. ஆண்டின் இறுதிக்குள் அதை 86,000 கோடியாக உயர்த்த வேண்டியதாயிற்று. ஒதுக்கீடு தீர்ந்த இடத்தில் கூலி நிலுவையாகிறது. பதினைந்து நாளுக்குள் கிடைக்க வேண்டிய கூலிக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் பெண்தான் டெல்லியின் தவறான கணிப்புக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்.

திட்டக் கமிஷன் கலைக்கப்பட்ட பின் இந்த முரண் கூர்மையடைந்துள்ளது. திட்டமிடலிலும் கணிப்பு உண்டு, பிழையும் உண்டு. ஆனால் திட்டம் என்பது இத்தனை பள்ளி, இத்தனை வேலை, இவ்வளவு முதலீடு என்று அரசு தன் மீது சுமத்திக்கொள்ளும் கடமை. கணிப்பு என்பது சந்தை எதைச் செய்யும் என்று வெளியே நின்று சொல்வது. முன்னது தவறினால் நாடாளுமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் பதில் சொல்ல வேண்டும். பின்னது தவறினால் அடுத்த கணிப்பு வரும்.

நிதிநிலை அறிக்கையைப் பற்றிக் கிளைகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் விவாதம் நடக்கும். வளர்ச்சி 6.5 சதவீதமா 6.7 சதவீதமா என்ற வாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் யாருடைய செலவு, யாருடைய முதலீடு அனுமானிக்கப்பட்டிருக்கிறது, அமைப்புசாராத் துறை எப்படிக் கணக்கிடப்பட்டிருக்கிறது, வருவாய் குறைந்தால் எந்தத் தலைப்பில் வெட்டு விழும் ஆகிய மூன்று கேள்விகளே போதும். வருவாய் பொய்த்தாலும் ரேஷன், கல்வி, மருத்துவம், வேலை உறுதி ஆகியவற்றின் ஒதுக்கீட்டில் கை வைக்கக் கூடாது, பற்றாக்குறையை 2015இல் நீக்கப்பட்ட செல்வ வரியை மீட்டும் கார்ப்பரேட் வரியை உயர்த்தியும் ஈடுகட்ட வேண்டும் என்ற கோரிக்கை இந்தக் கேள்விகளிலிருந்தே எழுகிறது. வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்று எவராலும் உறுதிகூற இயலாது. அது மோசமாக அமைந்தால் முதல் அடி யார் மீது விழ வேண்டும் என்பதையோ இப்போதே தீர்மானிக்க முடியும். அந்தத் தீர்மானம் வல்லுநர்களின் கணினியில் எழுதப்படுவதல்ல. போராட்டத்தின் பலத்தால் எழுதப்படுவது.