துரைக்கு எஞ்சின் பெரிது, நமக்குக் கணக்குப் பெரிது!

தோழர்களே! நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புது வண்டி வாங்கும் பேச்சு நடக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 லிட்டரா, இசுசு டீ-மேக்ஸ் 1.9 லிட்டரா? இரண்டும் டீசல், இரண்டுக்கும் நாலு சக்கர இழுவை உண்டு. "மழைக் காலத்தில் பெரிய எஞ்சின்தான் ஏறும்" என்கிறது நிர்வாகம். செம்மண் சேற்றில் வண்டியைக் காப்பாற்றுவது நாலு சக்கர இழுவையும் நல்ல டயருமே! பெரிய எஞ்சினின் வேகம் பட்டர்வொர்த் தார் ரோட்டுக்குத்தான்.

லிட்டர் 2.15 வெள்ளிக்கு விற்ற டீசல் 2024 ஜூன் 10இல் 3.35 வெள்ளியானது. தினம் பத்து லிட்டர் குடிக்கும் வண்டிக்கு அந்த விலையில் 26 நாளில் 312 வெள்ளி கூடுதலானது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500லிருந்து 1,700 வெள்ளியானது. ஏற்றம் 200 வெள்ளி. பால்வெட்டுகிறவனுக்கு 200 கொடுக்கத் தோட்டம் தாங்காதாம், எஞ்சினுக்கு ஊற்றத் தாங்குமாம்!

சின்ன எஞ்சினை வாங்குங்கள். மிச்சத்தில் நல்ல டயர் போடுங்கள். ஓடிய தூரமும் ஊற்றிய டீசலும் தினமும் கிராணியின் புத்தகத்தில் ஏறட்டும். (துரை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் தூரமும் சேர்த்துத்தான்!) சாவி இரவில் பங்களாவில் தூங்க வேண்டாம், லயத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், சுங்கை பக்காப் ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிதான் ஓட வேண்டும்.