பள்ளத்தின் கரையில் நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும்

கிணற்றிலிருந்து வயலுக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் எடுப்பது இப்போது எளிதாகிவிட்டது. நாலு ஆட்கள் நாள் கணக்கில் வெட்டியதைப் பொக்லைன் சில மணி நேரத்தில் வெட்டிவிடுகிறது. வயலுக்குள் மூன்றடி ஆழம் போதும். கிணற்று மேட்டையும் வண்டிப் பாதையையும் கடக்கும் இடத்தில் ஏழெட்டு அடி போக நேர்கிறது. ஆபத்து அங்கேதான். செங்குத்தாக வெட்டிய பள்ளத்தில் குழாய் ஒட்ட ஆள் இறங்குகிறார். கரையில் நிலத்துக்காரர் நிற்கிறார். அவ்வேலைக்கு மேற்பார்வையாளர் அவரே. ஆனால் அதற்கான பயிற்சியை அவருக்கு யாரும் அளிக்கவில்லை. சொட்டுநீர்ப் பயிற்சியில் குழாயின் விட்டம், நீரின் அழுத்தம் என்று மணிக்கணக்கில் பேசும் என் போன்றோர் இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் குறையே.

ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் எடை இருக்கும். மார்பு வரை புதைந்தாலே நெஞ்சு விரியாது, மூச்சு நின்றுவிடும். தலை வெளியேதானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள இயலாது. ஒன்றரை மீட்டருக்கு, அதாவது ஐந்தடிக்கு மேல் ஆழமான மண் பள்ளத்திற்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 3764 ஆம் எண் விதிமுறை. பலகை இல்லையேல் பக்கங்களைச் சரித்து வெட்டலாம். மணற்பாங்கான நிலமாயின் ஓரடி ஆழத்திற்கு ஒன்றரை அடி வீதம் இருபுறமும் சரிக்க வேண்டும். இடம் வீணாகிறதே என்பார்கள். மண்ணை மூடியபின் அந்த இடம் எங்கும் போய்விடாது.

கரிசல் காய்ந்திருக்கையில் சுவர் போல நிற்கும். ஒரு மழை பெய்தால் பாளமாக விழும். கிணறு வெட்டியபோது கொட்டிய பழைய மண்ணை எக்காலத்திலும் நம்ப வேண்டாம்.

கரையில் நிற்பவருக்கு வேறு வேலை கூடாது. விளிம்பை ஒட்டி வெடிப்பு ஓடுகிறதா, அடியில் நீர் கசிகிறதா, சிறு கட்டிகள் உதிர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று தென்பட்டாலும் ஆளை உடனே மேலேற்ற வேண்டும். ஏணி பள்ளத்துக்குள்ளேயே இருக்கட்டும். தோண்டிய மண்ணும் பொக்லைனும் விளிம்பைவிட்டு விலகியே இருக்க வேண்டும். சரிந்துவிட்டால் பதறிப்போய் அடுத்தவர் குதிக்கலாகாது, மறுபக்கமும் சரியும். 108க்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் சொல்லிவிட வேண்டும். புதைந்தவரைப் பொக்லைன் கொண்டு தோண்டுவது அவரைக் கொல்வதாகும்.

பி.வி.சி. குழாய்களைக் கரையிலேயே ஒட்டி, பசை நன்கு காய்ந்தபின் கயிறு கட்டி இறக்கினால் பெரும்பாலும் ஆள் இறங்கவே தேவையில்லை.

வேளாண் அறிவியல் நிலையங்கள் நடத்தும் சொட்டுநீர்ப் பயிற்சியில் அரை நாளை இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிலத்துக்காரரோடு குழாய் மேஸ்திரியையும் பொக்லைன் ஓட்டுநரையும் அழைக்க வேண்டும். வகுப்பறை வேண்டாம், நிலையத்துப் பண்ணையில் ஒரு பள்ளம், சில பலகைகள், ஓர் ஏணி இருந்தால் நடத்திவிடலாம்.