சுவருக்குப் பெயிண்ட் வந்தது, மொட்டை மாடிக்கு என்ன வந்தது?

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். நகரத்தில் கலையையும் பசுமை மின்சாரத்தையும் இணைப்பது பற்றிப் பேச்சு. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கடற்கரையில் தாமரை வடிவில் சோலார் சிற்பம். மேம்பாலத்துக்கு அடியில் சோலார் மரம் (அங்கே வெயில் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை). கைதட்டல் முடிந்ததும், என்னோடு பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த அக்கா எழுந்து கேட்டார்: "தம்பி, இந்தப் பூவுலருந்து வர்ற கரண்டு யாரு வீட்டுக்குப் போவும்?"

"அக்கா, இது ஒரு விழிப்புணர்வுக்காக..." என்று இழுத்தார் அந்தத் தம்பி.

அக்கா இருப்பது ஏழாவது மாடியில். லிஃப்ட் நின்றுவிட்டால் ஏழு மாடிக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கரண்ட் இல்லாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் விழிப்புணர்வு ஊட்ட வேண்டியதில்லை.

தோழர்களே, அந்தத் தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த உலகம் அப்படி. 2010இல் அபுதாபி, துபாய் நிலங்களை வைத்து ஒரு சர்வதேசப் போட்டி தொடங்கியது. லேண்ட் ஆர்ட் ஜெனரேட்டர் என்று பெயர். மின் நிலையம் அழகாகவும் இருக்கலாம், கலைப்படைப்பாகவும் இருக்கலாம் என்பது அதன் வாதம். 2012இல் நியூயார்க்கின் பழைய குப்பைமேடான ஃப்ரெஷ் கில்ஸை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு சிங்கப்பூரில் ராட்சத இரும்பு மரங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் சிலவற்றின் உச்சியில் சோலார் தகடுகள் இருக்கின்றன. நல்ல கற்பனைதான். ஆனால் இந்தப் படங்கள் நம்மூருக்கு வரும்போது மரம் மட்டும் வருகிறது, கணக்கு வருவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். துர்காபூரில் உள்ள ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனம் 2020இல் ஒரு சோலார் மரத்தை வைத்து, உலகிலேயே பெரியது என்று அறிவித்தது. திறன் 11.5 கிலோவாட். ஆண்டுக்கு 12,000 முதல் 14,000 யூனிட் வரை. விலை சுமார் ஏழரை லட்சம். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதாவது ஆண்டுக்கு 600. அந்த 600ஐ வைத்து வகுத்தால், அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று அறிவிக்கப்பட்ட அந்தச் சோலார் மரம் சுமார் 20 வீட்டுக்குத்தான் காணும். நான்கு ஐந்து கிளை வைத்து பூங்காவில் நிறுத்துகிறார்களே, அது எத்தனை வீட்டுக்கு? பெரும்பாலும் தன் மேலேயே இருக்கிற விளக்கை எரித்துக்கொள்ளும், இரண்டு செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும். அதே பணத்துக்கு மொட்டை மாடியில் சாதாரணமாகத் தகடு போட்டால் இன்னும் அதிகம் கிடைக்கும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போதும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு யூனிட்.

இப்போது கண்ணகி நகருக்கு வருவோம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட நம் மக்களை, 2000ஆம் ஆண்டு தொடங்கிக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. 2020 தொடக்கத்தில் ஒரு கலை அமைப்பும் பெயிண்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து இங்கே பிரம்மாண்டமான சுவரோவியங்களை வரைந்தார்கள். நாளிதழ்கள் 'கலை மாவட்டம்' என்று எழுதின. அந்த ஓவியங்கள் பிடித்திருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகள் அங்கே உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினாலே வேலை கிடைக்காது என்றிருந்த ஊரில், வெளியிலிருந்து ஆட்கள் படம் எடுக்க வருவது சின்ன விஷயம் இல்லை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் சுவர் என்பது வெளியே இருந்து பார்ப்பவனுக்கு. மொட்டை மாடி உள்ளே இருப்பவனுக்கு. ஓவியம் வரைந்தபோது ஒருவராவது மேலே ஏறிப் பார்த்தார்களா? வெயில் முழுக்க மேலேதான் காய்ந்துகொண்டிருக்கிறது. கடைசி மாடிக்காரர்கள் அந்த வெயிலில் வேகிறார்கள்.

ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்கு? சொந்தமாகக் கூரை இருப்பவனுக்கு. வாரியக் குடியிருப்பில் கூரை யாருடையது? பலரிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான், கிரயப் பத்திரம் இல்லை. பத்திரம் இருந்தாலும் மாடி பொது. ஆக அடையாற்றில் தனி பங்களா வைத்திருப்பவருக்கு அரசுப் பணம் 78,000, கண்ணகி நகருக்கு ஒரு வாளி பெயிண்ட்.

இதே திட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது, அதை நம்மிடம் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. குடியிருப்போர் சங்கம் வைத்து லிஃப்ட், மோட்டார் மாதிரியான பொதுப் பயன்பாட்டுக்குத் தகடு போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று பராமரிப்புக் காசு வசூலிக்கச் சங்கம் வைக்கச் சொன்ன அரசு, அதே சங்கத்துக்கு இந்த மானியத்தை வாங்கிக் கொடுக்கட்டுமே! பொறுப்பு மட்டும் நம்முடையதா?

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு, போராடப் போகும்போது தெரிந்திருக்க வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் கட் ஆனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. எனவே "சோலார் வேண்டும்" என்று மட்டும் கேட்டு வாங்கினால், கரண்ட் போனால் லிஃப்டும் போகும். பேட்டரியோடு இயங்கும் இன்வெர்ட்டர் என்று மனுவில் தனியாக எழுத வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியமா? பிரேசிலின் ரியோ நகரத்தைப் பாருங்கள். 2010இல் சாண்டா மார்ட்டா என்ற சேரியில் இரண்டு டச்சு ஓவியர்கள் 34 வீடுகளுக்கு வானவில் வண்ணம் பூசினார்கள். உலகமே படம் போட்டது. அதே ரியோவில் பபிலோனியா, சப்பேயு மங்கேய்ரா என்ற இரண்டு சேரிகளில், ரெவலூசோலார் என்ற அமைப்போடு சேர்ந்து 2021இல் மக்களே மின் கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் கூரையில் தகடு, அதில் வரும் மின்சாரத்தின் கழிவு உறுப்பினர்களின் மின் கட்டணத்தில். இதற்கு ஒருவர் கூரைக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தியாவில் டெல்லி 2019இலேயே இப்படிப் பகிர்ந்துகொள்ள விதிமுறை வகுத்திருக்கிறது.

பசுமை என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்கா 13,000 ஏக்கர். நிலம் வைத்திருந்தவருக்கு ஆண்டுக்கு ஏக்கருக்கு 21,000 ரூபாய் குத்தகை என்று தொடங்கினார்கள். அந்த நிலத்தில் கூலி வேலை செய்து சாப்பிட்ட நிலமற்ற தலித்துகளுக்கு? வேலையும் போனது, குத்தகையும் இல்லை. நிலக்கரி காலத்திலும் நமக்கு இதுதான் நடந்தது. எண்ணூரில் சாம்பல் யார் மூக்கில் ஏறியது, வெளிச்சம் யார் வீட்டில் எரிந்தது என்று வடசென்னைக்காரர்களைக் கேளுங்கள். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் அந்த எண்ணூரைப் பற்றியதுதான். மின்சாரம் பற்றிய பொதுக்கலை என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. யூனிட் கணக்கில் பூஜ்யம், ஆனால் சரியான கேள்வியைக் கேட்டது.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவில் அவர் பேசியதைத் தேடிப் படியுங்கள். மின்சாரம் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்க வேண்டும், அது எதற்கு என்றால் மக்களை வறுமையிலிருந்து மீட்கும் தொழில் வளர்ச்சிக்கு, என்பது அவர் வாதம். நமக்கு அவர் சிலைக்கு மேலே சோலார் விளக்கு போட்டுத் தருகிறார்கள்.

கலை வேண்டாம் என்று சொல்லவில்லை. பறை அடிக்கிறவனும் கானா பாடுகிறவனும் போர்டு எழுதுகிறவனும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து வரையச் சொல்லுங்கள். எந்த பிளாக்கில் இன்று எத்தனை யூனிட் வந்தது, எத்தனை முறை லிஃப்ட் ஓடியது என்று வாசல் சுவரில் அவர்கள் எழுதிக் காட்டட்டும். அந்தச் சுவரைப் பார்க்க நானும் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். உங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி மொத்தம் எத்தனை சதுர அடி, அது யார் பெயரில் இருக்கிறது, சோலாருக்காக எந்த நிறுவனத்துக்காவது குத்தகை பேசியிருக்கிறார்களா, லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மாத மின் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அக்கா தன் பிளாக்குக்குப் போட்டுவிட்டார்.