99.99% துல்லியம்... ஆனாலும் விடை தப்பு! குவான்டம் கம்ப்யூட்டரின் 'ஒரே பக்க' கோளாறு

'எங்கள் குவான்டம் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கேட்டும் 99.99 சதவிகிதம் துல்லியம்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், உடனே கைதட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். மிச்சமிருக்கும் பிழை எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, சில நாள் ஒரு நிமிடம் முந்தும். சில நாள் ஒரு நிமிடம் பிந்தும். 100 நாள் கழித்துக் கூட்டிக் கழித்தால் சுமார் 10 நிமிடம்தான் வித்தியாசம் இருக்கும். இன்னொன்று, தினமும் ஒரு நிமிடம் முந்தும். 100 நாளில் 100 நிமிடம்! ஒரு நாள் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

குவான்டம் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். கியூபிட்டை 180 டிகிரி திருப்பி, 0-வை 1 ஆக்குவது ஒரு கேட்டின் வேலை. அதற்கு அனுப்பும் மைக்ரோவேவ் துடிப்பு துளி கூடினால், 181 டிகிரி திரும்பும். அப்போதும் அந்த கேட்டின் சராசரித் துல்லியம் 99.99 சதவிகிதத்துக்கு மேல்தான். ஆனால், அதையே 100 முறை போட்டால் மீண்டும் 0 வர வேண்டும். 100 டிகிரி தள்ளிப்போனதால், 100-க்குச் சுமார் 59 முறை 1 என்றே விடை வரும். இந்தப் பிழை கூடியும் குறைந்தும் மாறி வந்திருந்தால், தப்பான விடை சராசரியாக 100-க்கு ஒரு முறைகூட வராது.

இப்படி ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும் பிழைக்குப் பெயர், 'கோஹிரன்ட் எரர்'.

சரி, என்ன வைத்தியம்? 2016-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் வால்மனும் ஜோசப் எமர்சனும் 'ரேண்டமைஸ்டு கம்பைலிங்' என்ற வழியைச் சொன்னார்கள். கணக்கின் விடை மாறாதபடி, நடுநடுவே சின்னச் சின்ன கேட்களைக் குலுக்கல் முறையில் நுழைப்பார்கள். ஒரே கணக்குக்கு இப்படிப் பல வடிவங்கள் செய்து, எல்லாவற்றையும் ஓடவிட்டு சராசரி எடுப்பார்கள். பிழை ஒழிவதில்லை; ஒரே பக்கம் சாய்ந்தது இரு பக்கமும் சிதறுகிறது. இரண்டாவது கடிகாரம், முதல் கடிகாரமாகிவிடுகிறது!

சிதறிய பிழையைச் சமாளிப்பது சுலபம். வேண்டுமென்றே பிழையைக் கூட்டி, விடை எப்படி விலகுகிறது என்று பார்த்து, பிழையே இல்லாவிட்டால் என்ன வந்திருக்கும் என்று கணிக்கலாம். 2023-ல் ஐபிஎம் 127 கியூபிட் சிப்பில் இதைச் செய்து காட்டியது. அதே கணக்கைச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே போடலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் சில வாரங்களிலேயே நிரூபித்தது தனிக்கதை.

அதனால், அடுத்த முறை யாராவது 9-களை அடுக்கினால், பிழை எவ்வளவு என்பதோடு, எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் கேளுங்கள்.