அரளியின் பக்கத்தில் ஒரு பலகை
பினாங்கு மேயருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு பினாங்குத் தீவு மாநகர் மன்ற மேயர் அவர்களுக்கு,

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு செவ்வரளி நிற்கிறது. அம்மா ஒடித்து நட்ட குச்சி அது. தண்ணீர்மலை முருகனுக்கு நாங்கள் கொண்டுபோகும் மாலையில் பாதி அந்தப் பூதான். சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பையன், நான்கு வயது, அதன் கிளையை ஒடித்து வாயில் வைக்கப் போனான். பாய்ந்து தட்டிவிட்டேன். ஓடி வந்த அவன் தாய்க்கு அது நச்சுச் செடி என்பதே தெரியாது. அவரை எப்படிக் குறை சொல்வது? யாரும் அவருக்குச் சொல்லவில்லையே.

அம்மா தெரிந்துதான் வளர்த்தார். கிளை வெட்டும் நாளில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்வார். பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று எங்களைக் கிட்டவே விடமாட்டார். கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். வெட்டியதை ஆட்டுக்குப் போடவும் மாட்டார், கொளுத்தவும் மாட்டார். பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புவார். அத்தனையும் சரி. அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. காய்ந்த சருகிலும் அது போவதில்லை, எரித்தால் புகையிலும் வரும். வாந்தியும் வயிற்றுவலியுமாகத் தொடங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

மஞ்சள் அரளியும், கடைவீட்டு அஞ்சடிகளில் சீனப் பெருநாளுக்கு வாங்கி வைக்கும் அடினியமும் அரளியின் குடும்பமே. ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவிய ஈப்போ மரத்துப் பாலின் நஞ்சும் இதே வகைதான்.

செடிகளை வெட்டிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேரளத்தில் 2024-இல் ஓர் இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற செய்தி வந்தபின், திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. பூசைக்குத் தடை இல்லை. வாய்க்குப் போகும் வழியை மட்டும் அடைத்தார்கள். அதுவே சரியான அளவு.

நாட்டுக்கே நஞ்சு ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் 1994 முதல் நம் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். ஆனால் அன்று அந்தத் தாயிடமும் என்னிடமும் அதன் எண் இல்லை.

தெருப் பெயரைப் பல மொழிகளில் எழுதி வைக்கும் நகரம் இது. பூங்கா, விளையாட்டுத் திடல், அடுக்குமாடி வளாகம் எங்கெல்லாம் இச்செடிகள் நிற்கின்றனவோ, அங்கெல்லாம் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் செடியின் பெயரையும் 'வாயில் வைக்காதீர்' என்பதையும் எழுதி வையுங்கள். கிளை வெட்டும் தொழிலாளர்களுக்குக் கையுறை கொடுங்கள். மென்றுவிட்ட பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காமல், இலையோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி எழுதுங்கள். அதன் கீழே நச்சு மையத்தின் எண்ணையும் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்: 1-800-88-8099.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம்வாசி ஒருவர்